துண்டு போட்ட இடம்

பிரிட்டோ சார் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் முதலில் பார்ப்பது தன் ஷூவைத்தான். மண் ஒட்டியிருந்தால் பக்கத்தில் எந்தக் கல்லறை இருக்கிறதோ அதன் விளிம்பில் தேய்த்துக்கொள்வார். அப்புறம்தான் நெற்றியில் சிலுவை போடுவார். எங்கள் கோயில் பங்கின் கல்லறைக் கமிட்டிக்கு அவர் செயலாளர். முடிச்சூரில் தண்ணீர் தேங்குகிற இடமாகப் பார்த்து மனை போட்டு விற்றவர். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அந்த மனைகளில் வீடு கட்டினவர்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் கை காட்டினார்கள். மேட்டில் இருக்கிற தன் வீட்டிலிருந்து இவர் போய் அவர்களுக்கு பிஸ்கட் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்னும் பங்கு ஆபீசில் தொங்குகிறது.

என் பெயர் சவுரிமுத்து. இருபத்தொன்பது வருஷமாக இங்கே குழி வெட்டுகிறேன். எனக்கு முன்னால் என் அப்பா வெட்டினார். செத்தவர்கள் எங்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. கூட வருகிறவர்களைத்தான் தாங்க முடியாது.

இங்கே புதுக் குழிக்கு இடம் தீர்ந்து பதினேழு வருஷம் ஆகிறது. இனி ஒருவர் இங்கே படுக்க வேண்டுமென்றால் அவருடைய சொந்தக்காரர் முன்பே இங்கே படுத்திருக்க வேண்டும். கடைசியாகப் புதைத்துப் பதினாலு வருஷம் கழிந்திருந்தால் அந்தக் குழியைத் திறந்து அடுத்தவரை இறக்கலாம். உள்ளே கிடக்கிற பழைய எலும்பை நான் பொறுக்குவேன். வீட்டார் வெள்ளைத் துணியில் ஒரு பை தைத்துக்கொண்டு வருவார்கள். எலும்பை அதில் போட்டு முடிச்சுப் போட்டுப் புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பேன். சாமியார் பெட்டிக்கும் பைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளிப்பார். யார் எந்தக் குழி என்பதற்கு ஆபீசில் தடியாக ஒரு புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்து கிளார்க் பென்னி சீட்டு எழுதித் தருவான். குழி எண், கடைசியாக இறங்கினவர் பெயர், வருஷம். சீட்டு இல்லாமல் என் மண்வெட்டி மண்ணில் படக் கூடாது.

சீட்டை எழுதியதும் பென்னி எனக்கு வாசித்துக் காட்டுவான். என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, அவருக்கு வாசித்த வழக்கம் எனக்கும் தொடர்கிறது. நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து படித்தவன். அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிட்டால் இந்த மனுஷர்கள் அவன் எதிரிலேயே எதையும் விரித்து வைப்பார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் எண் தெற்கு மதில் ஓரம். அதற்குள் யாரும் இல்லை. மேலே ஒரு சிமென்ட் கல் மட்டும் நின்றது. ஈரம் காய்வதற்குள் ஆணியால் கீறின எழுத்து:

ம. அருளப்பன், கோவளம். கப்பலில் கரி தள்ளினவர். 1943 மார்ச் 9 கடலில் போனார். இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் அந்த ஆளின் கதை. கப்பல் வெள்ளைக்காரனுடையது. சண்டையும் வெள்ளைக்காரனுடையது. அடித்தட்டில் நின்று கொதிகலனுக்குக் கரி தள்ளினது மட்டும் நம்ம ஆள். ஆப்பிரிக்காவுக்குக் கீழே எங்கேயோ குண்டு பட்டது. மேல்தட்டில் இருந்தவர்கள் படகில் ஏறினார்கள். அடித்தட்டில் இருந்தவர்கள் கப்பலோடு போனார்கள். ஒரு தந்தி வந்ததோடு சரி.

அவர் பெண்சாதி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கோவளத்துக் கரையில் நாலு மாசம் நின்று பார்த்துவிட்டுத் தாம்பரம் வந்துவிட்டாள். எங்கள் கோயில் எழும்பிக்கொண்டிருந்த சமயம். செங்கல்லும் சாந்தும் சுமந்தாள். என்ன வேண்டும் என்று அப்போதிருந்த பிரெஞ்சுக்காரச் சாமியார் கேட்டதற்கு, என் புருஷனுக்கு ஒரு இடம் என்றாளாம். அவர் மதிலோரம் கையைக் காட்டினார். அவளே கல்லை வார்த்து நட்டாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் உயிரோடு இருந்தவள், செத்தபோது அதில் தன்னை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரு வந்தா எங்க படுப்பாரு என்று கேட்டாளாம். அவளைப் பொது வரிசையில் புதைத்தார்கள். பிற்பாடு அந்த வரிசையைக் கலைத்துத்தான் கமிட்டிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பளிங்குக் கல்லறைகளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் எலும்பு யார் வீட்டுப் பளிங்குக்குக் கீழே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளைதான் ரெஜினம்மா. எண்பத்தோரு வயது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மகள் ஜான்சி வீட்டில் இருந்தாள். ஜான்சி ஒரு பள்ளிக்கூடத்து மெஸ்ஸில் சமையல். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு ரெஜினம்மா ஒரு சுண்ணாம்பு வாளியோடு வருவாள். கல்லுக்கு வெள்ளை அடிப்பாள். மெழுகுவத்தி கொளுத்துவாள். பிறகு வெற்றிலையை மென்றுகொண்டு, முகம் பார்க்காத அப்பனைத் திட்ட ஆரம்பிப்பாள். மற்றவர்கள் பூவைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்துகிற இடத்தில் இவள் ஒருத்திதான் திட்டுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

போன வருஷம் ஆகஸ்டில் ஸ்ரீநிவாசராகவன் என்று ஒருவர் வந்தார். கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜகீழ்ப்பாக்கத்திலேயே அடுக்குமாடி வீடு. ஓய்வு பெற்றவர்கள் மாடியில் தக்காளி வளர்ப்பார்கள். இவருக்கு மொட்டை மாடி இல்லை, அதனால் பழைய சண்டைகளில் செத்த மாலுமிகளைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார். அதில் அருளப்பன் அகப்பட்டுவிட்டார். என்னிடம் வழி கேட்டு வந்து, அந்தச் சிமென்ட் கல்லுக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். என்னை நீங்க என்று கூப்பிட்டார். அந்த ஒன்றுக்காக அவரைப் பாதி மன்னித்தேன்.

வெளிநாட்டில் ஒரு சங்கம் இப்படிப்பட்ட கல்லறைகளுக்குப் பட்டியல் வைத்திருக்கிறதாம். இதைச் சேர்த்துவிட்டால் பெரிய பெரிய ஆட்கள் வந்து மாலை வைப்பார்கள் என்று பிரிட்டோ சாரிடம் சொன்னார். பெரிய ஆட்கள் என்றதும் பிரிட்டோ சார் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். ஒரே ஒரு கேள்விதான், உடல் இங்கே புதைக்கப்பட்டதா என்று ஸ்ரீநிவாசராகவன் கேட்டார். வெறும் கல் என்றால் பட்டியலில் கடைசியில் போட்டுவிடுவார்களாம். யாரும் வர மாட்டார்களாம். புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் பிரிட்டோ சார். உள்ளே ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கல்லிலேயே எழுதியிருக்கிறது.

நவம்பர் இரண்டு வந்தது. ரெஜினம்மா அந்தத் தடவை ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. டாக்டர் நாள் சொல்லவில்லை, ஆனால் மாத்திரைகளைக் குறைத்துவிட்டார். வெள்ளை அடிக்கிற வேலையை ஜான்சி செய்தாள். இவள் பக்கத்துக் கல்லறைத் திட்டில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"சவுரி, எனக்கு இதுலயே வெட்டிடு."

சீட்டு வேண்டும், கமிட்டியில் கேளுங்கள் என்றேன்.

"இன்னாத்துக்குக் கேக்கணும்? பஸ்ல சீட்டு புடிக்க ஜன்னல் வழியா துண்டு போட மாட்டாங்க? எங்கம்மா போட்ட துண்டு அந்தக் கல்லு. அந்த ஆளு பஸ்ஸ வுட்டுட்டான். எம்பது வருசமா சீட்டு காலியாவே போய்கினு கீது. பெத்த பொண்ணு நான் நின்னுகினே வரணுமா?"

ஜான்சி மனு எழுதினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்த பிறகு பிரிட்டோ சார் ஆபீஸ் வாசலில் நின்றபடியே பதில் சொன்னார். தண்ணீர்க் கேனை இறக்கிக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பாருங்கம்மா, ரூல்னு ஒண்ணு இருக்கு. உள்ள ஆள் இருந்தாதான் குடும்பக் கல்லறை. புத்தகத்துல உங்கப்பா பேரே கிடையாது. அது குழியே இல்ல, நினைவுச் சின்னம். அவருக்கு நாங்க பெரிய அளவுல மரியாதை பண்ணப் போறோம். நீங்களே குறுக்க வந்து நிக்கலாமா?"

அப்போ எங்கே போகட்டும் என்று ரெஜினம்மா கேட்டாள். மின்மயானம் நல்ல வசதியாக இருக்கிறது, சபையும் இப்போது எரிப்பதைத் தடுப்பதில்லை என்று அவர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் வீட்டார் யாரையும் அங்கே கொண்டுபோனதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோவில் ஏறும்போது ரெஜினம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பன் தண்ணில போனான். அம்மா எவன் வூட்டுக் கல்லுக்குக் கீழயோ போனா. என்னை நெருப்புல வுடப் பாக்கறானுங்க. எங்க வூட்ல ஒருத்தருக்காவது மண்ணு இல்லியாடா?"

மண்ணை வெட்டத்தான் எனக்கு அதிகாரம், கொடுக்க இல்லை.

டிசம்பர் முதல் வாரம் ஒரு நாள் மத்தியானம். மறுபடி தண்ணீர்க் கேனோடு ஆபீசுக்குள் போனேன். மேசை மேல் புத்தகம் திறந்திருந்தது. பழுப்பேறின பக்கம், நாற்பத்து மூன்றாம் வருஷம். அடியில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. பென்னி பேனாவை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பிரிட்டோ சார் அவன் தோளுக்கு மேலே குனிந்திருந்தார். என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அலமாரியைப் பார்ப்பது போலப் பார்த்து மறந்துவிட்டார்கள்.

"பொதச்ச தேதி இன்னா சார் போடறது?" என்றான் பென்னி.

"மார்ச் பதினாறு போடு. ஒரு வாரம் கழிச்சு கோவளத்துல ஒதுங்குச்சு, இங்க கொண்டாந்து அடக்கம் பண்ணாங்க."

"ஆப்பிரிக்காலேர்ந்து ஒரு வாரத்துலயா சார்?"

"நீ கப்பல் கம்பெனியா வெச்சிருக்க? எழுது."

"அந்தக் காலத்துல ஏது சார் பால்பாயின்ட் பேனா? மை ஊறாது, தெரிஞ்சிடும்."

"எவன் மோந்து பாக்கப் போறான்? சாமியார் கையெழுத்து எடத்துல பிரெஞ்சுக்காரன் மாதிரி ஏதாவது சுழிச்சு வெய்யி."

பென்னி சுழித்தான். நான் கேனைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் குடுகுடுவென்று இறங்குகிற நேரத்துக்குள் அந்த வரியை முழுக்க எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். ம. அருளப்பன், வயது 24, குழி எண் 112, அடக்கம் 16-3-1943.

வெளியே வந்து பீடி பற்ற வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பெரிய ஆட்கள் வந்து நிற்க ஒரு பிணம் வேண்டும் என்று, கடலில் போனவனை இழுத்துவந்து இவர்களே புத்தகத்தில் புதைத்துவிட்டார்கள். உள்ளே ஆள் இருந்தால் குடும்பக் கல்லறை. பதினாலு வருஷம் கழிந்தால் திறக்கலாம். எண்பது கழிந்துவிட்டது. இருபது வருஷமாக ரூல் ரூல் என்று கத்துகிறவருக்குத் தன் ரூல் தன் காலையே சுற்றிக்கொண்டது தெரியவில்லை. விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்.

அதே வாரம் பழைய சிமென்ட் கல்லைப் பிடுங்கிக் குழாயடியில் போட்டார்கள். துணி துவைக்க வசதியாக இருக்கும் என்றார்கள். அந்த இடத்தில் கறுப்பு கிரானைட் பலகை எழுந்தது. தாய்நாட்டுக்காக இன்னுயிர் ஈந்த மாவீரர் ம. அருளப்பன் இங்கே துயில்கிறார் என்று பொன் எழுத்து. அதற்குக் கீழே கமிட்டி உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரின் பெயர்கள், மாவீரரின் பெயரை விடப் பெரிதாக. முன்னால் சிமென்டில் ஒரு நங்கூரம் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்தார்கள். முடிச்சூர்க் கொத்தனார் வேலை. அவர் ஜென்மத்தில் நங்கூரம் பார்த்தவர் இல்லை.

பலகை திறப்பு விழாவுக்கு ரெஜினம்மாவைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். ஜான்சி கோயில் அறிவிப்பில் கேட்டு, ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தாள். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் நெஞ்சு நிறையப் பதக்கத்தோடு வந்திருந்தார். மகள் வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்ததும் ஓடிவந்து முன்னால் அழைத்துப்போய் ஒரு சால்வை போர்த்தினார். படம் எடுக்கிற நேரத்தில் மட்டும் பிரிட்டோ சார் அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

பிறகு மைக்கைப் பிடித்தார். கோவளம் கரையில் அலை கொண்டுவந்து சேர்த்த அந்த வீரரின் உடலை எங்கள் முன்னோர்கள் தோளில் சுமந்து நடந்தே தாம்பரம் கொண்டுவந்தார்கள் என்று சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கூட்டம் கை தட்டியது. முப்பது வருஷம் கடலில் இருந்த ஸ்ரீநிவாசராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆப்பிரிக்கா பக்கம் மூழ்கினவன் ஒரு வாரத்தில் கோவளத்துக்கு வருவானா என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? நம்பினால்தான் விழா, அதனால் நம்பினார்.

கூட்டம் டிபனுக்குப் போன பிறகு ரெஜினம்மா அந்த நங்கூரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"இது இன்னாடா, தூண்டி முள்ளா? எங்கப்பன மீனுக்கு வெச்சிருந்தாங்களா?"

நங்கூரம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா நாலு மாசம் அந்தக் கரையில நின்னா. ஒரு கட்டை ஒதுங்குனாக்கூட ஓடிப்போயி திருப்பிப் பாப்பாளாம். இந்த பிரிட்டோவக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பான் போல."

அப்போதுதான் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். ஜான்சியும் கேட்டுக்கொண்டு நின்றாள். ரெஜினம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"அப்போ எனக்கு எடம் உண்டா?"

"உண்டுக்கா. ஆனா இப்போ வாயத் தொறக்காத. நீ கேட்டா அந்தப் பக்கத்தையே கிழிச்சிடுவானுங்க. மொதல்ல அந்த வரிக்கு ஒரு நகல் வாங்கி வெய்யி."

நகல் ஸ்ரீநிவாசராகவனிடமே இருந்தது. பிரிட்டோ சார் பங்கு முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஜான்சி போய்க் கேட்டதும் மனுஷர் அதை லேமினேட் பண்ணியே கொடுத்துவிட்டார். தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாளே என்று அவருக்குப் பெருமை.

ரெஜினம்மா தன் பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்துத் தானே பை தைத்து வைத்தாள் என்று ஜான்சி பிறகு சொன்னாள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் பேத்தியைக் கூப்பிட்டாளாம். மார்ச் மாதம் இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காப்பி கேட்டாள். கொண்டுவருவதற்குள் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு ஜான்சி ஆபீசுக்கு வந்தாள். நான் மண்வெட்டியோடு வாசலில் நின்றேன். அழுது வீங்கின முகம், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு, சீட்டு கொடுங்கள் என்றாள். பிரிட்டோ சார் பழைய பாட்டையே பாடினார். நினைவுச் சின்னம், கிரானைட், கமிட்டி கூட வேண்டும், இன்றைக்கு முடியாது. ஜான்சி கைப்பையைத் திறந்து லேமினேட் பண்ணின தாளை மேசை மேல் வைத்தாள்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். தன் கையெழுத்தையே யாரோ போட்டது போல வெகு நேரம் பார்த்தார். பிறகு பென்னியைப் பார்த்தார். பென்னி மின்விசிறியைப் பார்த்தான்.

"இது... இது ஒரு ரெக்கார்டுக்காகக் கொடுத்ததும்மா."

"ரெக்கார்டுதான் சார் நானும் கேக்கறேன். தாத்தா உள்ள இருக்காருன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஸ்ரீநிவாசராகவன் மாலையோடு உள்ளே வந்தார். செய்தி கேட்டு ஆபீசில் நேரம் விசாரிக்க வந்தவர். என்ன விஷயம் என்று கேட்டார். ஜான்சி சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா பக்கத்துலயே பொண்ணு. வாட் எ திங், சார். அவர் முகத்தைக்கூட அந்தம்மா பார்த்ததில்லை, இப்போதான் சேரப் போறாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் எங்க அசோசியேஷனுக்கும் சொல்லிடறேன்."

பிரிட்டோ சார் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று சொன்னால் பதக்கக்காரர் முன்னால் மானம் போகும், பொய் ஆவணம் கொடுத்தார் என்று மேற்றிராசனத்தில் ஆயருக்கே எழுதுவார். இருக்கிறார் என்று சொன்னால் குழியைத் திறக்க வேண்டும். வியர்வையைத் துடைத்தார். ஒரு குழியில் அகப்பட்டவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்ப்பான். கடைசியில் பென்னி பக்கம் திரும்பி, எழுதிக் கொடு என்றார்.

பென்னி எழுதினான். வழக்கம் போல எனக்கு வாசித்துக் காட்ட வாயைத் திறந்தான்.

"வேணாம் தம்பி," என்றேன். "நூத்திப் பன்னெண்டு, ம. அருளப்பன், நாப்பத்தி மூணு மார்ச் பதினாறு. குடு."

அவன் கை அப்படியே நின்றது. பிரிட்டோ சார் என்னைப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அலமாரியைப் பார்ப்பது போல இல்லாமல் பார்த்தார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

நங்கூரத்தை முதலில் எடுத்தேன். கடப்பாரை பட்டதுமே நாலு துண்டாகப் போனது. உள்ளே கம்பிகூட வைக்கவில்லை. கிரானைட் பலகையைப் பெயர்த்து மதிலில் சாய்த்தேன். அதற்குப் பிறகுதான் வேலை. ஏற்கெனவே திறந்த குழி என்றால் மண் புட்டு மாதிரி உதிரும். இது ஒருத்தரும் தொடாத மண். ஒரு அடிக்குக் கீழே சுக்கான் கல். ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டி திரும்பி வந்து தோளில் அடித்தது. பத்தரைக்குத் தொடங்கி மூன்றரைக்குத்தான் ஆழம் கண்டேன். எண்பது வருஷமாக இந்த இடத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள். மண் ஒன்றுதான் பொய் சொல்லவில்லை. இங்கே யாரும் வரவில்லை என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொன்னது.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஸ்ரீநிவாசராகவன் கூட்டிவந்தவர்கள், ரெஜினம்மாவின் பெயர்கூடத் தெரியாதவர்கள். பிரிட்டோ சாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குழி ஓரம் நின்றார். பெட்டியைக் கயிற்றில் இறக்கினோம். ஜான்சி குனிந்து அந்தப் பையை என்னிடம் நீட்டினாள். புடவைக் கரை ஓரமாக வைத்துத் தைத்த பை. தையல் கோணல் கோணலாக இருந்தது. நான் அதோடு குழிக்குள் இறங்கினேன்.

வெறும் பையை வைத்தால் மேலே இருந்து தெரிந்துவிடும். இந்தக் கூட்டத்துக்கு எலும்பு வேண்டும். நங்கூரத் துண்டுகள் குழியின் விளிம்பில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் மண்ணோடு கிடந்தன. முதுகால் மறைத்துக்கொண்டு அதில் மூன்றைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். ஒன்றோடு ஒன்று இடித்து, காய்ந்த எலும்பு போடுகிற அதே சத்தம் போட்டது. முடிச்சுப் போட்டுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தேன். நிமிர்ந்தபோது ஜான்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். அவள் அம்மா இருந்திருந்தால் பொத்தியிருக்க மாட்டாள்.

ஸ்ரீநிவாசராகவன் குதிகால் சேர்த்து நின்று பைக்கு சல்யூட் அடித்தார். சாமியார் பெட்டிக்குத் தெளித்தார், பைக்கும் தெளித்தார். முடிச்சூர்க் கொத்தனாரின் சிமென்ட் தீர்த்தத்தில் நனைந்தது. கமிட்டி மொத்தமும் தலை குனிந்தது. பிரிட்டோ சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டார்.

எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்கள். நான் மூட ஆரம்பித்தேன். குழாயடியிலிருந்து பழைய சிமென்ட் கல்லை உருட்டிவந்து வைத்திருந்தேன், தலைமாட்டில் நட. யாரும் கேட்கவில்லை. பிரிட்டோ சார் மட்டும் போகாமல் பின்னாலேயே நின்றார். ஷூவில் மண் ஏறியிருந்தது, அவர் பார்க்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"சவுரி, அந்தப் பையில... நெசமாவே ஏதாவது இருந்துச்சா?"

நான் மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னேன்.

"புத்தகத்துல கீதே சார்."